கூலி வாங்காத கை

அமெரிக்கா தேசத்தின் வடகிழக்கு மூலையில் கனெக்டிகட் என்று ஒரு சிறு ராஜ்யம் இருக்கிறது. அங்கே பித்தளைச் சாமான்களுக்குப் பேர்போன வாட்டர்பரி என்னும் பட்டணத்தில், 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள் மாலை ஆயிரக்கணக்கான ஜனங்கள் மைதானத்தில் வந்து கூடினார்கள். புற்றுநோயால் வருந்தும் குழந்தைகளின் வைத்தியத்துக்காக ஏற்பட்ட ஜிம்மி நிதிக்குப் பணம் திரட்டுவது அன்றைய விழாவின் நோக்கம். ஆனால் ஜனங்களை வீட்டை விட்டுக் கிளப்பியது தர்ம சிந்தனை மட்டுமே என்று சொல்வதற்கில்லை. டெட் வில்லியம்ஸ் அன்று மட்டை பிடிக்கப் போகிறார் என்ற செய்திதான் அவர்களை இழுத்து வந்தது.

பேஸ்பால் ஆட்டத்தில் டெட் வில்லியம்ஸ் எப்பேர்ப்பட்டவர் என்பதை நம் நேயர்களுக்குச் சற்றுச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் பத்துத் தடவைக்கு மூன்று தடவை வெற்றிகரமாகப் பந்தை அடிப்பவரைச் சிறந்த ஆட்டக்காரர் என்று கொண்டாடுவார்கள். வில்லியம்ஸோ 1941-ம் வருஷம் முழுவதும் பத்துக்கு நாலு தடவைக்கு மேல் அடித்து, .406 என்ற சராசரி பெற்றவர். லட்சம் டாலரை ஒட்டிய வருஷச் சம்பளம் வாங்கியவர். 1960-ல்தான் ஆட்டத்திலிருந்து விலகியிருந்தார்.

அவருக்கு எதிரே நின்று பந்து எறிய வந்தவள், இருபத்தொரு பிராயத்தை ஒட்டிய ஓர் உள்ளூர்ப் பெண். அவள் கீழ்க்கையாகப் பந்தை வீசினாள். வில்லியம்ஸ் மட்டையைச் சுழற்றினார், பந்து படவில்லை. மறுபடியும் வீசினாள், மறுபடியும் படவில்லை. இப்படிப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தது. ஒன்றிரண்டு பந்துகள் மட்டையின் விளிம்பில் உரசிக் கொண்டு வெளியே போயினவே தவிர, ஒன்றையாவது நேராக அடிக்க அந்த மகாவீரரால் முடியவில்லை. கடைசியில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அவர் நடந்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜோன் ஜாய்ஸ். அன்று மைதானத்தை விட்டுச் சென்ற இருவரில், தோற்றுப் போனவர் தமது ஆட்டத்தினால் பெரும் செல்வம் சேர்த்தவர். வென்றவளுக்கோ தன் ஆட்டத்திலிருந்து ஒரு காசு வருமானம் கிடையாது. அதன் பின்னரும் பதினாலு வருஷ காலம் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. இந்த வாரம் அந்த அம்மையாரைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அவர் ஆடிய ஆட்டத்துக்கு ஸாப்ட்பால் என்று பெயர். அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1887-ம் வருஷம் நவம்பர் மாதம், சிகாகோ நகரத்துப் படகுச் சங்கம் ஒன்றில் சில வாலிபர்கள் ஹார்வர்டு, யேல் காலேஜுகளுக்கிடையே நடந்த கால்பந்துப் பந்தயத்தின் முடிவுக்காகக் காத்துக் கொண்டிருந்தார்கள். யேல் வென்ற செய்தி வந்ததும் உற்சாகம் பொங்கிற்று. ஒருவன் பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி எறிந்தான். இன்னொருவன் ஒரு கோலால் அதை அடித்தான். அருகிலிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே பந்து போல் இறுகக் கட்டி, விதிகள் வகுத்து, நாலு சுவருக்குள் ஆடக்கூடிய பேஸ்பாலாக அதை மாற்றிவிட்டார். பிறகு அது கூடத்தை விட்டு வெளியேறி மைதானத்துக்கு வந்தது. ஸாப்ட்பால், அதாவது மெத்தென்ற பந்து, என்ற பெயர் அதற்கு 1926-ல்தான் கிடைத்தது. பெயரை நம்பி யாரும் கையுறையில்லாமல் அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டாம்! பேஸ்பாலை விடப் பருத்து, பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள அந்தப் பந்து நல்ல கெட்டியானது.

வில்லியம்ஸ் தோற்ற மர்மமும் இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பேஸ்பாலில் பந்து எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே அறுபது அடி ஆறு அங்குலத் தூரம் உண்டு. பெண்கள் ஆடிய ஸாப்ட்பாலில் அது நாற்பது அடிக்கு மேற்படவில்லை. மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்து நாற்பது அடியை 0.42 வினாடியில் தாண்டிவிடும். அதே நேரத்தில் பேஸ்பால் தன் தூரத்தைக் கடக்க வேண்டுமானால் மணிக்குச் சுமார் 98 மைல் வேகத்தில் வரவேண்டும்! இது போதாதென்று, பேஸ்பாலில் பந்து தோளுக்கு மேலிருந்து கீழ்நோக்கி வருகிறது. ஸாப்ட்பாலிலோ தொடையருகிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி எழுகிறது. இருபது வருஷமாக மேலிருந்து வரும் பந்துக்கே பழகிப் போன கண், கீழிருந்து வரும் பந்தை எங்கே என்று தேடும்? கண் கண்டு கைக்குச் சொல்வதற்குள் பந்து பின்னால் போய்விடுகிறது. 1978-ல் ஹாங்க் ஆரன் என்ற மற்றொரு மகாவீரரும் அதே கைக்குத் தோற்றார் என்பதைப் பார்க்கும்போது, வாட்டர்பரியில் நடந்தது தற்செயலான காரியம் அல்ல என்பது விளங்கும்.

ஜோன் ஜாய்ஸ் 1940-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி வாட்டர்பரியில் பிறந்தார். தகப்பனார் ஸாப்ட்பால் ஆடுகிறவர். ஆகவே பெண்ணும் அவள் தம்பியும் வளர்ந்ததெல்லாம் மைதானத்தின் ஓரத்தில்தான். 1954-ல், பதினாலு வயது நிறைந்தும் நிறையாததுமாய் இருந்தபோதே, பக்கத்து ஊரின் புகழ்பெற்ற பெண்கள் கோஷ்டியில் அவளைச் சேர்த்துக் கொண்டார்கள். ஸ்டிராட்போர்டு என்னும் அந்த ஊரில் ரேபெஸ்டாஸ் என்ற கம்பெனி, மோட்டார் வண்டிகளின் பிரேக்குகளுக்கு வேண்டிய பட்டைகளைச் செய்து வந்தது. அதன் தலைவர் வில்லியம் ஸிம்ப்ஸன் 1947-ல் இந்தக் கோஷ்டியை ஏற்படுத்தினார். பிரேக் என்ற சொல்லுடன் பெண்பால் விகுதியைச் சேர்த்து, பிரேக்கெட்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆரம்பத்தில் அவளுக்கு எறியும் முறை சரியாகப் படியவில்லை. கையை முழு வட்டமாகச் சுற்றி எறிவதே அப்போது பலருடைய வழக்கம். ஒருநாள் அவள் பழகிக் கொண்டிருந்ததைக் கவனித்த ஆண்கள் கோஷ்டி ஆட்டக்காரர் ஒருவர், வேறு முறையைச் சொல்லிக் கொடுத்தார். கவண் எறிகிறவனைப் போல் கையை நேரே பின்னுக்கு வாங்கி, ஒரே வெட்டில் முன்னுக்கு வீசுவது அந்த முறை. அன்று பிடித்த முறையை அவள் கடைசி வரையில் விடவில்லை.

அக்கோஷ்டியில் பெர்த்தா டிக்கி என்று ஒரு மூத்த ஆட்டக்காரி இருந்தார். ஜோனைவிடப் பதினைந்து வயது பெரியவர். இருபத்து மூன்று பருவங்களில் 757 ஆட்டங்களை வென்று, 88 மட்டுமே தோற்ற அசகாய சூரி. இத்தகைய பெரியவர் ஒருவர் பந்தெறியும் கோஷ்டியில் சிறுமிக்கு இடம் ஏது? ஆகவே ஜோன் வேறு இடத்தில் நின்று ஆடினாள், பார்த்தாள், காத்திருந்தாள். 1958-ம் வருஷத்துத் தேசியப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் டிக்கி அம்மையாருக்குக் காயம் பட்டது. பதினெட்டு வயது ஜோன் பந்தை வாங்கிக் கொண்டாள். தான் எறிந்த நேரம் முழுவதும் எதிரிகளுக்கு ஓர் அடியும் கிடைக்காமல் செய்தாள். பிரேக்கெட்ஸ் கோஷ்டிக்கு முதன் முதலாகத் தேசிய வெற்றி கிடைத்தது அன்றுதான். அதற்கப்புறம் பல வருஷங்கள் இருவரும் ஒரே கோஷ்டியில் மாறி மாறிப் பந்தெறிந்தார்கள். எதிர்த்து ஆட வந்தவர்களின் நிலைமையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்!

நடுவில் காலேஜுப் படிப்புக்காகக் கலிபோர்னியாவுக்குச் சென்ற சில வருஷங்கள் ஆரஞ்சு லயனெட்ஸ் என்ற கோஷ்டியில் ஆடி, 1965-ல் அவர்களையும் தேசிய வெற்றி பெறச் செய்தார். பிறகு ஸ்டிராட்போர்டுக்கே திரும்பி 1975 வரையில் ஆடினார். இதற்கிடையில் 1964-லும் 1965-லும் கூடைப்பந்தில் அமெரிக்க தேசியக் கோஷ்டியிலும் இடம் பெற்றார். 1974-ல் உலகப் பெண்கள் ஸாப்ட்பால் பந்தயம் ஸ்டிராட்போர்டிலேயே நடந்தது. முதல் இரண்டு உலகப் பந்தயங்களில் ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் வென்றிருந்தன. இந்தத் தடவை அமெரிக்கா வென்றது. தேசத்தின் சார்பில் ஆடியது பிரேக்கெட்ஸ் கோஷ்டியே.

இத்தனை வருஷங்களின் மொத்தக் கணக்கை ஒரு தரம் பார்ப்போம். ஜோன் ஜாய்ஸ் எறிந்து வென்ற ஆட்டங்கள் 753, தோற்றவை 42. எதிர்க் கோஷ்டியார் ஓர் அடியேனும் அடிக்க முடியாமல் போன ஆட்டங்கள் மட்டும் 150; அதாவது ஐந்து வெற்றிக்கு ஒன்று. இவற்றுள்ளும் ஐம்பது ஆட்டங்கள் பூரணமானவை. பூரண ஆட்டம் என்றால், எதிர்க் கோஷ்டியிலிருந்து இருபத்தொரு தடவை மட்டையுடன் வந்து நின்றும், ஒரு தடவையாவது ஒருவரும் முதல் தங்குமிடத்தில் கால் வைக்காமல் திரும்புவது. பேஸ்பாலில் ஒருவர் வாழ்நாளில் ஒரு பூரண ஆட்டம் ஆடிவிட்டால் சரித்திரத்தில் இடம் பெறுகிறார். ஆட்டங்கள் வேறு, சரித்திரங்களும் வேறு என்பதை ஒப்புக் கொண்டாலும், ஐம்பது என்ற எண்ணைக் கண்டு பிரமிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, இத்தனை வருஷமும் அந்த அம்மையார் எப்படிச் சாப்பிட்டார்? இதுதான் நான் முக்கியமாகப் பிரஸ்தாபிக்க வந்த விஷயம். கோஷ்டியின் பெண்களில் பலர் பகலில் ரேபெஸ்டாஸ் தொழிற்சாலையிலோ காரியாலயத்திலோ வேலை செய்தார்கள், மாலையில் ஆடினார்கள். ஜோன் ஜாய்ஸ் பள்ளிக்கூடத்தில் தேகாப்பியாசம் கற்பித்து ஜீவனம் நடத்தினார். ஆட்டத்துக்காக ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஏனென்றால் அவர்கள் அமெச்சூர்கள்.

அமெச்சூர் என்ற சொல், லத்தீன் பாஷையில் அன்பு செலுத்துகிறவன் என்று பொருள்படும் பதத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அழகான சொல். நமக்கும் அதன் கருத்து புதிதல்ல. பலனை எதிர்பாராமல் கர்மத்தைச் செய் என்ற உபதேசத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொருளுக்காகப் பாடுகிறவரைவிட ஆத்ம திருப்திக்காகப் பாடுகிறவரை ஒரு படி உயர்வாகச் சொல்வது நம் வீட்டுத் திண்ணைகளிலும் கேட்கிற பேச்சுத்தான்.

ஆனால் துறவு என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. வேண்டுமானால் கிடைக்கக்கூடியதை வேண்டாமென்று விட்டவனே துறவி. இலையில் சோறே பரிமாறாமல், பசித்தவனைப் பார்த்து, ஆஹா, எவ்வளவு கடுமையான விரதம் என்று புகழ்ந்தால் அதை என்னவென்று சொல்வது? ஆண்களில் பந்தெறியும் திறமை படைத்தவனுக்கு எதிரே இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றில் நுழைந்தால் சம்பளம். மற்றொன்றில் நுழைந்தால் கௌரவம். பெண்ணுக்கோ கௌரவம் என்று எழுதியிருந்த கதவு ஒன்றே திறந்திருந்தது. சம்பளக் கதவு பூட்டியிருந்ததென்று கூடச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. ஆகவே ஜோன் ஜாய்ஸ் இருபது வருஷத்துக்கு மேல் அமெச்சூராக விளங்கினார் என்று புகழும்போது, அந்தப் புகழில் பாதி அவருக்குச் சேரும். மற்றப் பாதி அவரைச் சுற்றியிருந்த உலகத்தின் மேல் குற்றமாகச் சேரும்.

சுவர் இருந்த இடத்தில் கதவு வைத்துப் பார்க்கவும் அவர் முயன்றார். 1976-ல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் அம்மையாருடன் சேர்ந்து, ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் கொடுக்கும் ஸாப்ட்பால் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். பத்துக் கோஷ்டிகளுடன் அது ஆரம்பமாயிற்று. ஜாய்ஸ் தலைமையாக நின்ற கனெக்டிகட் பால்கன்ஸ் கோஷ்டி நாலு வருஷமும் தொடர்ந்து வென்றது. ஆனால் 1979-க்குப் பின் சங்கம் மூடப்பட்டது. ஓர் அம்மையாரின் கை வலிமையால் ஆட்டத்தை ஜெயிக்கலாம். சங்கத்தின் வரவு செலவை ஜெயிக்க அது போதவில்லை.

அதற்குள் அவர் கோல்ப் மட்டையைக் கையில் எடுத்துவிட்டார். முப்பது வயது கடந்த பிறகு கற்றுக்கொண்ட அந்த ஆட்டத்தில் 1977-ல் தொழிலாட்டக்காரியாகப் பெண்கள் சுற்றில் இடம் பெற்றார். பெரிய பந்தயம் எதையும் அவர் வெல்லவில்லை. ஆயினும் 1982-ல் பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு சுற்றில், குழியருகே பந்தைத் தட்டிச் சேர்ப்பதற்குப் பதினேழே தட்டுகள் எடுத்துக் கொண்டு புதிய சாதனை ஏற்படுத்தினார். உலகம் வியந்த ஆட்டத்தில் கிடைக்காத ஜீவனத்தை, நடுத்தரமாய் ஆடிய ஆட்டத்தில் தேடும்படி ஆயிற்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சுவரில் உண்மையான கதவை வைத்தது ராஜாங்கச் சட்டம். 1972-ல் அமெரிக்காவின் கல்விச் சட்டத் திருத்தத்தில் ஒன்பதாவது பிரிவு ஒன்று சேர்ந்தது. ராஜாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வி ஸ்தாபனமும் ஆண், பெண் என்ற பேதம் பாராட்டலாகாது என்பது அதன் சாரம். விளையாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனாலும் அதன் பலன் மைதானங்களில்தான் மிகுதியாகத் தெரிந்தது. காலேஜுகள் பெண்களுக்கும் கோஷ்டிகள் ஏற்படுத்தின. ஆடத் தெரிந்த பெண்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுத்து அழைத்தன. 1994-ல் பிளாரிடா அட்லாண்டிக் ஸர்வகலாசாலை, தன் புதிய ஸாப்ட்பால் கோஷ்டியை உருவாக்க ஜோன் ஜாய்ஸ் அம்மையாரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நாலு. அடுத்த வருஷம் ஆட ஆரம்பித்த கோஷ்டி அவருடைய பயிற்சியில் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் வென்றது. 2022-ம் வருஷம் மார்ச்சு மாதம் 26-ந் தேதி, எண்பத்தோராவது வயதில், பயிற்சியாளர் பதவியில் இருந்தபடியே அவர் காலமானார். தமக்குக் கிடைக்காத உதவிச் சம்பளத்தைப் பெற்ற பெண்களுக்குத் தாம் அறிந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தே கடைசி இருபத்தெட்டு வருஷங்களைக் கழித்தார். பெண்கள் ஸாப்ட்பால் ஒலிம்பிக் பந்தயத்தில் முதல் தடவை இடம் பெற்றது 1996-ல். அவர் கையில் கவண் வேகம் இருந்த காலம் அப்போது மலையேறிவிட்டிருந்தது.

இனி, ஆதரித்த கம்பெனியின் கதை. வள்ளன்மையை நம்பி வாழ்வதில் உள்ள அபாயத்துக்கு அது நல்ல திருஷ்டாந்தம். ரேபெஸ்டாஸ் கம்பெனி மைதானம் கொடுத்தது, சீருடை கொடுத்தது, பெண்களின் ஆட்டத்தைத் தேசமெங்கும் பேசும்படி செய்தது. அந்த உபகாரத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் பிரேக் பட்டைகள் கல்நாரினால் செய்யப்பட்டவை. கல்நார்த் தூசி சுவாசப்பையைக் கெடுத்து உயிருக்கே உலை வைப்பது. கல்நாரும் ஈயமும் கலந்த தொழிற்சாலைக் கழிவை ஸ்டிராட்போர்டின் பள்ளங்களைத் தூர்க்கப் பல இடங்களில் கொட்டியிருந்தார்கள். அந்த இடங்களில் பந்தாட்ட மைதானமும் ஒன்று! 1989-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 1995-ல் அது தேசத்தின் மிக மோசமான நச்சு நிலங்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. கோஷ்டி மட்டும் வேறு மைதானத்துக்குப் போய், பழைய பெயரில் தொடர்ந்து ஆடியது. கொடுத்த கை மறைந்தது. கூலி வாங்காத கைகள் நிலைத்தன.

நம் குடும்பங்களில் ஒரு பெண் குழந்தை பந்தும் கையுமாகத் தெருவில் இறங்கும்போது, பெரியவர்கள் இரண்டில் ஒரு வார்த்தை சொல்வதுண்டு. இதனால் என்ன வருமானம் என்று கேட்பார்கள் சிலர். காசுக்காகவா ஆடுகிறாள், பொழுதுபோக்குத்தானே என்று பெருந்தன்மையுடன் விட்டுவிடுவார்கள் சிலர். முதல் வார்த்தை ஜோன் ஜாய்ஸைப் பதினாலு வயதிலேயே வீட்டில் உட்கார வைத்திருக்கும். இரண்டாவது வார்த்தை அவரை முப்பத்தைந்து வயது வரையில் வெறுங்கையுடன் நிறுத்தி வைத்தது. இவ்விரண்டுக்கும் பதிலாக மூன்றாவது வார்த்தை ஒன்று நமக்கு வேண்டும். ஆடுகிறவள் அன்பினால் ஆடட்டும். அந்த அன்பைக் காட்டி அவளுக்குரியதைக் கொடுக்காமல் இருக்கும் உரிமை பார்க்கிறவர்களுக்கு இல்லை.

வாட்டர்பரி மைதானத்தில் டெட் வில்லியம்ஸ் மட்டையைக் கீழே போட்டபோது தம் தோல்வியை ஒப்புக் கொண்டார். தன் கணக்கில் பிழை இருந்ததென்று அவர் தேசம் ஒப்புக் கொள்ள மேலும் பதினோரு வருஷம் ஆயிற்று.